ஒரே பல்புக்கு மூன்று திறன் மதிப்புகள் வருவது ஏன்? மின்தடை, திறன் கணக்கீடு பற்றிய ஐயம்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, அவற்றிலிருந்து மின்தடையையும் திறனையும் கணக்கிடப் பழகி வருகிறேன். வாகனங்களில் பயன்படும் 12 வோல்ட், 21 வாட் இழை பல்பு ஒன்றை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி பவர் சப்ளையுடன் இணைத்து அளந்தேன். 1 வோல்ட்டில் 0.45 ஆம்பியர், 3 வோல்ட்டில் 0.82 ஆம்பியர், 6 வோல்ட்டில் 1.20 ஆம்பியர், 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் என்று அளவுகள் கிடைத்தன. பிறகு பல்பைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து நேரடியாகத் தடையைப் பார்த்தபோது 0.7 ஓம் என்று காட்டியது.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் 12 × 1.75 = 21 வாட் வருகிறது; பல்பின் மேல் அச்சிட்டிருப்பதும் அதுவே. ஆனால் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கும் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் 144 ÷ 0.7 = 205.7 வாட் வருகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 3.0625 × 0.7 = 2.14 வாட் மட்டுமே வருகிறது. மூன்று சூத்திரங்களும் சமமானவை என்றுதான் பாடநூல்கள் சொல்கின்றன. அப்படியானால் ஒன்று இருநூறையும் இன்னொன்று இரண்டையும் தருவது எப்படி?

இதனுடன் சேர்ந்த இன்னொரு ஐயமும் உண்டு. ஒரு சூத்திரத்தில் தடை கூடினால் திறன் குறைகிறது. மற்றொன்றில் தடை கூடினால் திறனும் கூடுகிறது. இவற்றில் எதை நம்புவது?

மறுமொழி 1

வணக்கம். உங்கள் மூன்று விடைகளில் 21 வாட் மட்டுமே சரியானது. பல்பிலும் மீட்டரிலும் பழுது எதுவும் இல்லை. 12 வோல்ட், 1.75 ஆம்பியர் என்ற எண்களைப் பல்பு முழு ஒளியுடன் எரியும்போது அளந்தீர்கள், 0.7 ஓம் என்ற எண்ணை அது குளிர்ந்து கிடக்கும்போது அளந்தீர்கள். இரண்டு வேறு நிலைகளுக்கு உரிய எண்களை ஒரே சூத்திரத்தில் வைத்ததால்தான் விடைகள் இவ்வளவு விலகிப் போயின.

நீங்கள் எடுத்த அளவுகளிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 1 வோல்ட்டில் 2.22 ஓம், 3 வோல்ட்டில் 3.66 ஓம், 6 வோல்ட்டில் 5.00 ஓம், 12 வோல்ட்டில் 6.86 ஓம் என்று தடை தொடர்ந்து ஏறிக்கொண்டே போகிறது. இழை டங்ஸ்டன் என்னும் உலோகத்தால் ஆனது. உலோகம் சூடாகும்போது அதன் அணுக்கள் வலுவாக அதிர்வதால், எலக்ட்ரான்கள் அடிக்கடி சிதறி, மின்தடை உயர்கிறது. டங்ஸ்டனின் தடைத்திறன் (வடிவத்தையும் அளவையும் சாராமல் ஒரு பொருளுக்கே உரிய மின்தடைப் பண்பு) 300 கெல்வினில் ஏறத்தாழ 5.65 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். 2,600 கெல்வினில் அது ஏறத்தாழ 77 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். அதாவது, எரியும் இழையின் தடை குளிர்ந்த இழையின் தடையைப் போல 13 அல்லது 14 மடங்கு இருக்கும். மல்டிமீட்டர் தடையை அளக்க மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்துகிறது. அது இழையைச் சூடாக்கப் போதாது. ஆகவே அது அறை வெப்பநிலையில் உள்ள தடையை மட்டுமே உங்களுக்குச் சொன்னது. அந்த 0.7 ஓமிலும் மீட்டரின் இரு வயர்களுக்கு உரிய பங்கு ஏறத்தாழ 0.2 ஓம் இருக்கும் என்பதால், இழையின் உண்மையான குளிர்நிலைத் தடை 0.5 ஓம் அளவிலேயே இருக்க வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, காட்டும் மதிப்பைக் கழித்துவிட்டால் இது உறுதியாகும்.

இனிச் சூத்திரங்களுக்கு வருவோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை என்பது ஒரு வரையறை. அது எந்தப் பொருளுக்கும், எந்த நிலையிலும் பொருந்தும். அந்த ஈவு மின்னழுத்தம் மாறினாலும் மாறாமல் நிற்கும் என்பதுதான் ஓம் விதி. அது சில பொருள்களுக்கு, அதுவும் வெப்பநிலை மாறாதவரை மட்டுமே உண்மையாகும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் தம் விதியை 1827-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அதற்கு முந்தைய சோதனைகளில் அக்கால மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக நிற்காததால் அவர் வெப்ப மின்னிரட்டைக்கு (இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் இரு உலோக இணைப்புக்கு) மாறி, அதன் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். மற்ற நிபந்தனைகளை அசையாமல் நிறுத்தினால்தான் அந்த விதி தெளிவாக வெளிப்படும். உங்கள் பல்பிலோ ஒவ்வோர் அளவிலும் வெப்பநிலையே மாறிக்கொண்டிருந்தது.

திறனுக்கான அடிப்படைச் சூத்திரம் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்குவது மட்டுமே. ஒரு வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல். ஒரு ஆம்பியர் என்பது ஒரு வினாடிக்கு ஒரு கூலும். இரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை ஜூல், அதாவது இத்தனை வாட் என்று நேரடியாகக் கிடைத்துவிடுகிறது. இதில் பொருளின் தன்மை எங்கும் நுழையவில்லை. மற்ற இரு சூத்திரங்களும், மின்னழுத்தத்துக்குப் பதிலாகவோ மின்னோட்டத்துக்குப் பதிலாகவோ தடையைப் புகுத்திப் பெற்றவை. எனவே அந்தத் தடை, அதே நேரத்தில் அளந்த மின்னழுத்தமும் மின்னோட்டமும் தரும் தடையாக இருந்தால் மட்டுமே அவை சரியான விடை தரும். 6.86 ஓமைப் போட்டுப் பாருங்கள்: 144 ÷ 6.86 உம் 21 வாட்தான், 3.0625 × 6.86 உம் 21 வாட்தான்.

உங்கள் எண்களில் அழகான ஓர் ஒழுங்கும் ஒளிந்திருக்கிறது. 205.7 என்பது 21-இன் 9.8 மடங்கு, 21 என்பது 2.14-இன் 9.8 மடங்கு, 6.86 என்பது 0.7-இன் 9.8 மடங்கு. ஒரு சூத்திரத்தில் தடை வகுக்கும் எண்ணாகவும் மற்றொன்றில் பெருக்கும் எண்ணாகவும் இருப்பதால், தவறான தடை ஒரு விடையை எத்தனை மடங்கு மேலே தள்ளுகிறதோ அத்தனை மடங்கு மற்றொன்றைக் கீழே இறக்குகிறது. ஆகவே இவ்விரு சூத்திரங்களும் இனி எப்போதாவது வேறு வேறு விடை தந்தால், தடை மதிப்பை முதலில் சந்தேகியுங்கள். இரு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், நீங்கள் அளந்த மின்னழுத்தமும் மின்னோட்டமும் தரும் திறன் கிடைத்துவிடும்.

குளிர்நிலைத் தடை பயனற்றது என்று நினைத்துவிட வேண்டாம். 12 வோல்ட்டை 0.5 ஓமால் வகுத்தால் 24 ஆம்பியர் வருகிறது. வயர்களின் தடையும் பவர் சப்ளையின் வரம்பும் அதைக் குறைக்கும் என்றாலும், சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் பல்பு தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கிறது. இழை பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட சுவிட்சைப் போடும்போது அடிக்கடி போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபியூஸின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதைக் கருத வேண்டும்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் முழுமையானது. இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் நான் விடை தருகிறேன்.

தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு, எதை மாறாமல் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லாதவரை விடை கிடையாது. 4 ஓம், 8 ஓம் ஆகிய இரு தடைகளை 12 வோல்ட்டுக்குக் குறுக்கே பக்க இணைப்பில் வையுங்கள். இரண்டுக்கும் மின்னழுத்தம் பொதுவானது. 4 ஓமில் 36 வாட்டும் 8 ஓமில் 18 வாட்டும் செலவாகும். அதே இரண்டையும் தொடர் இணைப்பில் வைத்தால் மின்னோட்டம்தான் பொதுவாகிறது. மொத்தத் தடை 12 ஓம், மின்னோட்டம் 1 ஆம்பியர். 4 ஓமில் 4 வாட்டும் 8 ஓமில் 8 வாட்டும் செலவாகும். முதல் அமைப்பில் அதிகம் சூடாவது 4 ஓம்; இரண்டாவதில் 8 ஓம். தடைகள் மாறவில்லை, அமைப்புதான் மாறியது.

மின்னழுத்தமும் நிலையாக இல்லாமல் மின்னோட்டமும் நிலையாக இல்லாமல் இருக்கும் நிலையே நடைமுறையில் அதிகம். மின்கலம் ஒன்றுக்கு 12 வோல்ட்டும் 2 ஓம் அகத்தடையும் (மின்கலத்தின் உள்ளேயே இருக்கும் தடையும்) இருப்பதாகக் கொள்வோம். அதனுடன் 1 ஓம் இணைத்தால் மின்னோட்டம் 4 ஆம்பியர், புறத்தடையில், அதாவது வெளியே இணைத்த தடையில், திறன் 16 வாட். 2 ஓம் இணைத்தால் 3 ஆம்பியர், 18 வாட். 4 ஓம் இணைத்தால் 2 ஆம்பியர், மறுபடியும் 16 வாட். 10 ஓம் இணைத்தால் 1 ஆம்பியர், 10 வாட். முதலில் தடை கூடும்போது திறன் கூடுகிறது, பிறகு குறைகிறது. புறத்தடை அகத்தடைக்குச் சமமாகும் இடத்தில் உச்சம். நீங்கள் முரண் என்று கருதிய இரு சூத்திரங்களும் இந்த ஒரே வளைகோட்டின் இரு பக்கங்களில் நின்று பேசுகின்றன.

இன்னொரு குறிப்பு. உங்கள் அளவுகளை வரைபடமாக இட்டால், 6 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையே மின்னழுத்த மாற்றத்தை மின்னோட்ட மாற்றத்தால் வகுக்கும்போது 6 ÷ 0.55, அதாவது 10.9 ஓம் வரும். சிறு மாற்றங்களுக்கு அந்தச் சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிய அந்தச் சரிவு பயன்படும். அந்த எண்ணைத் திறன் சூத்திரத்தில் மட்டும் ஒருபோதும் வைக்கக் கூடாது. திறனுக்கு வேண்டியது அந்தப் புள்ளியின் முழு மின்னழுத்தத்தை முழு மின்னோட்டத்தால் வகுத்த ஈவு மட்டுமே.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 9.8 மடங்கு பற்றிய விளக்கம் பல நாள் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. ஒரே ஒரு விவரத்தைச் சேர்க்க வேண்டும். மின்னழுத்தத்தைப் பவர் சப்ளையின் திரையிலிருந்தே குறித்துக்கொண்டேன். மின்னோட்டத்துக்கு மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைத்தேன். இந்த முறையில் ஏதேனும் குறை உண்டா?

மறுமொழி 3

உண்டு, அது சிறியது என்றாலும், குறைந்த மின்னழுத்தத்தில் புறக்கணிக்க முடியாதது. திரையில் தெரிவது பவர் சப்ளையின் முனைகளில் உள்ள மின்னழுத்தம். அதில் ஒரு பகுதி வயர்களிலும் கிளிப்புகளிலும் அம்மீட்டரிலும் செலவான பிறகே மிச்சம் பல்புக்கு வந்து சேர்கிறது. இவற்றின் மொத்தத் தடை 0.2 ஓம் என்றால், 1.75 ஆம்பியரில் 0.35 வோல்ட் வழியிலேயே போய்விடும். நீங்கள் பல்பின் தடை என்று கணக்கிட்ட 6.86 ஓமில் அந்த 0.2 ஓமும் அடங்கியிருக்கும். 12 வோல்ட்டில் இது 3 விழுக்காட்டுப் பிழை. 1 வோல்ட்டிலோ 9 விழுக்காட்டை எட்டிவிடும்.

வோல்ட்மீட்டரைப் பல்பின் முனைகளிலேயே நேரடியாக வைப்பதுதான் இதற்குத் தீர்வு. வோல்ட்மீட்டர் வழியே ஓடும் மின்னோட்டம் மிகவும் சிறிது என்பதால் அதன் வயர்களில் மின்னழுத்த இழப்பு இருக்காது. தடை மிகச் சிறியதாக உள்ள இடங்களில் எல்லாம் இந்த அமைப்பையே பின்பற்றுங்கள். தடை மிகப் பெரியதாக இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். பெரும்பாலான டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் உள்தடை வோல்ட் அளவில் 10 மெகா ஓம். 1 மெகா ஓம் தடை ஒன்றுக்குக் குறுக்கே 10 வோல்ட் இருக்கும்போது தடையின் வழியே 10 மைக்ரோ ஆம்பியரும் வோல்ட்மீட்டரின் வழியே 1 மைக்ரோ ஆம்பியரும் ஓடும். அம்மீட்டர் இரண்டையும் சேர்த்து 11 என்று காட்டும், நீங்கள் 0.91 மெகா ஓம் என்று கணக்கிடுவீர்கள். அங்கே வோல்ட்மீட்டரை அம்மீட்டரையும் உள்ளடக்குமாறு வெளியே வைப்பதே நல்லது. அம்மீட்டரின் சிறு தடை ஒரு மெகா ஓமுக்கு முன் ஒன்றுமில்லை.

விடையை எத்தனை இலக்கங்களில் எழுதலாம் என்பதிலும் கவனம் தேவை. 12.0 வோல்ட்டில் 0.1 வோல்ட் வரை ஐயம், 1.75 ஆம்பியரில் 0.02 ஆம்பியர் வரை ஐயம் என்று வைத்தால், அவை முறையே 0.8, 1.1 விழுக்காடு. பெருக்கினாலும் வகுத்தாலும் இவ்விழுக்காடுகள் மோசமான நிலையில் கூட்டப்படும். எனவே திறன் 21.0 வாட், கூடவோ குறையவோ 0.4, தடை 6.86 ஓம், கூடவோ குறையவோ 0.14. கால்குலேட்டர் 6.857142 என்று காட்டுகிறதே என்பதற்காக அத்தனை இலக்கங்களையும் எழுதினால், நாம் அளக்காத ஒன்றை அளந்ததாகச் சொல்கிறோம். திறன் வேண்டுமானால் அளந்த இரு எண்களையும் நேரடியாகப் பெருக்குங்கள். முதலில் தடையைக் கணக்கிட்டு, அதை முழுமையாக்கி, பிறகு வர்க்கச் சூத்திரத்தில் வைத்தால் தேவையற்ற பிழை ஒன்று கூடுதலாக நுழையும்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பையும் சொல்லிவிடுகிறேன். மின்னோட்ட அளவில் வைத்த மல்டிமீட்டரைப் பவர் சப்ளையின் முனைகளுக்குக் குறுக்கே வைக்கவே கூடாது; அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால் அது குறுக்குச் சுற்றாகிவிடும். ஓம் அளவைப் பயன்படுத்தும்போது சுற்றில் மின்சாரம் இருக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்

நீங்கள் சொன்னபடி இன்னொரு மீட்டரைப் பல்பின் முனைகளில் வைத்து மறுபடியும் அளந்தேன். பவர் சப்ளையின் திரை 12.0 வோல்ட் காட்டும்போது பல்பில் 11.62 வோல்ட், 1.75 ஆம்பியர் இருந்தன. ஆகவே பல்பின் தடை 6.64 ஓம், திறன் 20.3 வாட். வழியில் இழந்த 0.38 வோல்ட்டை 1.75 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 0.67 வாட், இரண்டையும் கூட்டினால் 21.0 வாட் சரியாகப் பொருந்துகிறது. 1 வோல்ட்டில் அளந்தபோது பல்பில் 0.90 வோல்ட்டே இருந்தது, தடை 2.22 அல்ல, 2.0 ஓம். இரண்டு நிலைகளிலும் வயர்களுக்கும் அம்மீட்டருக்கும் உரிய தடை 0.22 ஓம் என்றே வந்தது மனநிறைவைத் தந்தது.

இதே முறையை 230 வோல்ட் ஏசியில் ஓடும் மின்விசிறிக்கும் பயன்படுத்தலாமா? மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் அதன் திறன் கிடைத்துவிடுமா?

மறுமொழி 1 எழுதியவர்

பல்பில் ஒரே அளவாக இல்லாமல் தடை மாறிக்கொண்டே இருக்கும்போது, வயர்களின் 0.22 ஓம் மட்டும் இரு நிலைகளிலும் மாறாமல் நின்றதைக் கவனியுங்கள். வயர் சூடாகவில்லை, அதனால் அது ஓம் விதிக்கு உட்பட்டு நடந்துகொண்டது. ஒரே சுற்றுக்குள் இரு வகை நடத்தையையும் பார்த்துவிட்டீர்கள்.

மின்விசிறிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஏசியில் மீட்டர் காட்டும் 230 வோல்ட் என்பது உச்ச மதிப்பு அல்ல. அதே வெப்பத்தைத் தரும் டிசிக்கு இணையான மதிப்பு. உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட் வரை போகும். தடை மட்டுமே உள்ள இஸ்திரிப்பெட்டி, நீர் சூடாக்கி போன்றவற்றில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால், மீட்டர் காட்டும் இரு மதிப்புகளையும் பெருக்கினால் திறன் சரியாகக் கிடைக்கும். மோட்டாரில் கம்பிச் சுருள்கள் இருப்பதால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது நேரம் ஒன்று நேர்க்குறியிலும் மற்றொன்று எதிர்க்குறியிலும் இருக்கும். அந்த நேரத்தில் மோட்டார் தான் பெற்ற ஆற்றலில் ஒரு பகுதியை மின்வழங்கலுக்கே திருப்பித் தருகிறது. எனவே பெருக்கி வருவது வோல்ட் ஆம்பியர். அதைத் திறன் காரணியால் (அந்தப் பெருக்குத்தொகையில் உண்மையில் செலவாகும் திறனின் பங்கைக் காட்டும் எண்ணால்) பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். எடுத்துக்காட்டாக 230 வோல்ட், 0.40 ஆம்பியர், திறன் காரணி 0.8 என்றால், பெருக்குத்தொகை 92 வோல்ட் ஆம்பியர். உண்மையான திறன் 73.6 வாட்.

அதுபோலவே 230-ஐ 0.40-ஆல் வகுத்து வரும் 575 ஓமைச் சுருளின் தடை என்று கொள்ளக் கூடாது. அது மின்மறுப்பு, அதாவது ஏசி மின்னோட்டத்துக்கு ஏற்படும் மொத்த எதிர்ப்பு. சுருளின் தடை, அதன் தூண்டல் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பு), மோட்டார் சுழல்வதால் எழும் எதிர் மின்னியக்கு விசை (வழங்கும் மின்னழுத்தத்தை எதிர்க்கும் மின்னழுத்தம்) எல்லாம் அதற்குள் கலந்திருக்கின்றன. மின் இணைப்பிலிருந்து முழுமையாகக் கழற்றிய மோட்டாரின் சுருளை ஓம் அளவில் அளந்தால் வருவது வேறு எண்ணாக இருக்கும். திறனை அறிய, வாட்மீட்டரையோ பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் ஆற்றல் மானியையோ பயன்படுத்துங்கள். அவை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கணந்தோறும் பெருக்கிச் சராசரி எடுப்பதால், திறன் காரணியை நீங்கள் தனியாகக் கண்டறிய வேண்டியதில்லை. 230 வோல்ட் இணைப்பைத் திறந்து அம்மீட்டரைத் தொடராகச் செருகும் வேலையை மட்டும் செய்யாதீர்கள்.